வீட்டுக் கோழிகளுக்கான துணைத்தீவனமும் உறுதியான முட்டை ஓடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்லைப்புறத்தில் நாலைந்து கோழி வளர்ப்பவர்களுக்கு முதலில் கவலை தருவது பெரும்பாலும் முட்டை ஓடுதான். எடுக்கும்போதே விரிசல் விடுகிறது, கூட்டில் ஓடே இல்லாத தோல்முட்டை கிடக்கிறது என்றதும் எந்த டானிக் வாங்கலாம் என்று தேடத் தொடங்குகிறார்கள். வாங்குவதற்கு முன் இந்தப் பதில்களைப் படித்துவிடுங்கள். புதிதாக எதையும் சேர்க்காமல், தேவையில்லாமல் கொடுத்து வந்ததை நிறுத்தினாலே பல வீடுகளில் ஓடு தேறிவிடும்.

ஒரு முட்டைக்கு எவ்வளவு சுண்ணாம்புச்சத்து தேவைப்படுகிறது?

60 கிராம் முட்டையில் ஓடு மட்டும் ஐந்தரை முதல் ஆறு கிராம் வரை இருக்கும். அதில் ஏறத்தாழ 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். கால்சியத்தை மட்டும் பிரித்துக் கணக்கிட்டால் சுமார் 2.2 கிராம். கோழியின் உடல் முழுவதிலும் உள்ள கால்சியமே 20 முதல் 25 கிராம்தான். அப்படியென்றால் முட்டையிடும் ஒவ்வொரு நாளும் தன் உடலிலுள்ள சுண்ணாம்புச்சத்தில் பத்தில் ஒரு பங்கை அது வெளியே அனுப்புகிறது.

அதை எங்கிருந்து ஈடுகட்டுகிறது? முட்டையிடும் கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4.5 சதவீதம் இருக்கும். 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 4.4 கிராம் உள்ளே போகிறது. தின்றதில் ஏறக்குறைய பாதிதான் உடலில் சேரும். மீதி எச்சத்தோடு போய்விடும். சேர்வது 2.2 கிராம், ஓட்டுக்கு வேண்டியதும் 2.2 கிராம். கணக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் சிறு குறை ஏற்பட்டாலும் ஓட்டில் தெரிந்துவிடுகிறது.

நல்ல தீவனம்தான் கொடுக்கிறேன். ஆனாலும் ஓடு மெலிந்திருக்கிறதே?

தீவனத்தோடு வேறு என்னவெல்லாம் கொடுக்கிறீர்கள் என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். மாலையில் கைநிறைய சோளமோ கோதுமையோ அள்ளி வீசுகிறோம். கோழிகள் ஓடிவந்து கொத்துவதைப் பார்க்க மனம் நிறைகிறது. அந்தக் கைப்பிடி 35 கிராம் இருக்கலாம். அதில் சுண்ணாம்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம். வயிற்றில் இடம் அதே அளவுதான் என்பதால் தீவனம் 75 கிராமாகக் குறைகிறது. கிடைக்கும் கால்சியம் 3 கிராம், உடலில் சேர்வது ஒன்றரை கிராம். மீதி 0.7 கிராமுக்குக் கோழி எலும்பைத்தான் கரைத்தாக வேண்டும்.

சோறு, ரொட்டித் துண்டு, பழத்தோல், உலர்புழு என்று வீட்டில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும்போது இந்த இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. தீவனம் தவிர்த்த தின்பண்டங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு கோழிக்கு ஒரு மேசைக்கரண்டி தானியம் போதும். அதையும் அந்தி நேரத்தில் கொடுக்காமல் நண்பகலில் கொடுத்துவிடுங்கள். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில். அடையப் போகும்போது தொண்டைப்பையில் தானியம் நிறைந்திருந்தால் இரவு முழுவதும் ஓட்டுக்கு வரவு இல்லை. தீவனமும் சுண்ணாம்புச்சத்துள்ள சிப்பித்துண்டும் நிறைந்திருந்தால் விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும்.

எலும்பைக் கரைத்தாவது ஓடு போட்டுவிடுகிறதே, அதில் என்ன கெடுதல்?

முதல் முட்டை இடுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே, ஈஸ்ட்ரோஜென் சுரப்பின் தூண்டுதலால் கோழியின் நீண்ட எலும்புகளின் உள்ளே ஒரு தனி எலும்புத்திசு வளரத் தொடங்குகிறது. இரவில் வயிற்றில் சுண்ணாம்பு தீரும் வேளைக்கான கையிருப்பு அது. மறுநாள் தீவனத்தால் அது மீண்டும் நிரம்பினால் கோழிக்குச் சிக்கல் இல்லை. நிரம்பாமலே நாட்கள் ஓடினால் உடலைத் தாங்கும் எலும்பும் கரையத் தொடங்கும். மார்பெலும்பு வளையும். கால் வலுவிழந்து கோழி படுத்துவிடும். சில கோழிகள் கடைசிவரை ஓரளவு நல்ல ஓட்டோடு முட்டையிட்டுவிட்டு ஒருநாள் எழ முடியாமல் போகும். ஆகவே முட்டை நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக் கோழியின் உடல்நிலையைக் கணிக்காதீர்கள்.

துணைத்தீவனமாக எதைக் கொடுக்கலாம்? சிப்பியா, சுண்ணாம்புக்கல்லா?

இரண்டும் நல்லவை. இரண்டிலும் கால்சியம் ஏறத்தாழ 38 சதவீதம். எந்தப் பொருள் என்பதைவிடத் துண்டின் அளவுதான் இங்கே முக்கியம். மாவாக அரைத்தது சீக்கிரம் கரைந்து குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையுள்ள துண்டுகள் அரைவைப்பையில் தங்கி, இரவு நெடுக மெதுவாகக் கரையும். விரலிடுக்கில் உருட்டினால் கரகரவென்று தட்டுப்பட வேண்டும், அந்தப் பதத்தில் வாங்குங்கள்.

தனிக் கிண்ணத்தில், மழைநீர் படாத இடத்தில் எப்போதும் வைத்திருங்கள். தீவனத்தில் கலக்காதீர்கள். ஓடு உருவாகும் நாளின் மாலையில் கோழி தானாகவே தேடிப் போய்ச் சுண்ணாம்புத் துண்டுகளைக் கொத்தும். முட்டையிடாத நாளில் அவ்வளவாகத் தொடாது. அதன் கணக்கு அதற்குத் தெரியும். கலந்து திணித்தால் அந்தத் தேர்வை நாம் பறித்துவிடுகிறோம்.

சில பொருள்களைத் தவிர்க்க வேண்டும். மக்னீசியம் மிகுந்த டோலமைட் கல் வேண்டாம். அது கழிச்சலை உண்டாக்கும், ஓட்டுக்கும் கெடுதல். சுவருக்கு அடிக்கும் நீற்றிய சுண்ணாம்பு வேறு பொருள். அது வாயையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கும். எழுதும் சாக்குக் கட்டி பல நேரம் ஜிப்சத்தால் செய்யப்படுகிறது, அதுவும் வேண்டாம்.

முட்டை ஓட்டையே திருப்பிக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து அல்லது அடுப்பில் வாட்டி, நன்றாகக் காயவைத்து அரிசிமணி அளவுக்கு நொறுக்குங்கள். சூடாக்குவது சால்மொனெல்லா போன்ற கிருமிகள் சுற்றிச் சுற்றி வராமல் இருக்க. நொறுக்குவது, முட்டையின் உருவத்தோடு உணவைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் கோழிக்கு வராமல் இருக்க. முட்டையைக் கொத்திக் குடிக்கும் பழக்கம் ஒரு கோழிக்கு வந்துவிட்டால் மற்றவையும் பார்த்துக் கற்றுக்கொள்ளும், மாற்றுவது மிகக் கடினம்.

ஆனால் இதை மட்டுமே நம்பியிருக்க முடியாது. இட்ட முட்டைகளின் ஓடு அத்தனையும் திரும்பக் கொடுத்தாலும், உடலில் சேர்வது பாதி. மீதிப் பாதி வெளியிலிருந்து வந்தாக வேண்டும். கிண்ணத்தில் சிப்பித்துண்டோடு ஓட்டையும் கலந்து வையுங்கள்.

மண்ணில் மேயும்போது கல், மணல் தின்கிறதே, அது போதாதா?

அந்தக் கற்கள் பல்லில்லாத பறவை தானியத்தை அரைப்பதற்கு. கருங்கல் துணுக்கு கரையாது, ஓட்டுக்கு உதவாது. சிப்பி கரைந்துவிடும், அரைப்பதற்கு நெடுநாள் நிற்காது. ஒன்றுக்கு இன்னொன்று ஈடில்லை. முழுத் தானியமோ புல்லோ தின்னும் கோழிக்கு இரண்டுமே வேண்டும்.

பால், தயிர், கீரை கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து கூடாதா?

100 கிராம் பாலில் உள்ள கால்சியம் 0.12 கிராம். ஒரு கிராம் கால்சியம் வேண்டுமென்றால் முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். அதே ஒரு கிராம் இரண்டரை கிராம் சிப்பித்துண்டில் கிடைத்துவிடும். கோழிகளால் பாலிலுள்ள லாக்டோஸைச் சரியாகச் செரிக்கவும் முடியாது. கீரை மஞ்சள் கருவுக்கு நல்ல நிறம் தரும். ஆனால் பெரும்பகுதி தண்ணீர், சில கீரைகளில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைக் கட்டிவைத்துக்கொள்ளும். ஆசைக்குக் கொடுங்கள், ஓட்டுக்காகக் கொடுக்காதீர்கள்.

புழுக்களிலும் வேறுபாடு உண்டு. உலரவைத்து விற்கும் மாவுப்புழுவில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவில் கால்சியம் நன்றாகவே இருக்கும். புழு கொடுத்தே தீருவேன் என்பவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

வைட்டமின் டி தனியாகக் கொடுக்க வேண்டுமா?

குடலில் கால்சியம் உறிஞ்சப்பட வைட்டமின் டி3 தேவை. டி2 பறவைகளுக்கு மிகக் குறைவாகவே பயன்படுகிறது, பொட்டலத்தில் டி3 என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் திரியும் கோழி தானே தயாரித்துக்கொள்ளும். கண்ணாடி வழியாக வரும் வெயில் பயன்படாது, ஏனென்றால் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. முழுநேரமும் கொட்டகைக்குள் இருக்கும் கோழிக்குத் தீவனத்திலுள்ள டி3தான் கதி.

அந்தத் தீவனம் பழசாகிவிட்டதா என்பதை இங்கே பார்க்க வேண்டும். வெப்பத்திலும் ஈரத்திலும் வைட்டமின்கள் சிதைகின்றன. சிக்கனம் என்று பெரிய மூட்டையாக வாங்கி, மூன்று கோழிகளுக்கு அரை வருடம் போட்டால் கடைசி மாதங்களில் உள்ளே போவது வைட்டமின் இழந்த தீவனம். சிறிய மூட்டையாக, தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள். அதைச் செய்தாலே தனி வைட்டமின் தேவைப்படாது. அளவுக்கு மீறிய டி3 சிறுநீரகத்தில் சுண்ணாம்பைப் படியவைக்கும். மனிதருக்கான மாத்திரையை உடைத்துப் போடுவது ஆபத்து.

தாது உப்புக் கலவை கொடுக்கலாமா?

முழுத்தீவனம் கொடுக்கிறீர்கள் என்றால் தேவையில்லை. ஓட்டுக்குத் துத்தநாகமும் மாங்கனீசும் வேண்டும் என்பது உண்மைதான். கால்சியத்தோடு சேரும் கார்பனேட்டை உண்டாக்கும் நொதி துத்தநாகம் இன்றி இயங்காது. மாங்கனீசு குறைந்தால் ஓட்டின் அடித்தளம் சரியாக அமையாது. ஆனால் இவையெல்லாம் தீவனத்தில் மிகச் சிறிய அளவில், ஒன்றுக்கொன்று பொருத்தமாகக் கலக்கப்பட்டிருக்கின்றன. மேலும் ஒரு கரண்டி சேர்த்தால் அந்தப் பொருத்தம் குலையும். குறிப்பாகப் பாஸ்பரஸ் கூடினால் ஓடு மெலியும். எலும்புத்தூளையும் டைகால்சியம் பாஸ்பேட்டையும் ஓட்டுக்காகக் கொடுக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

வீட்டிலேயே தானியம் அரைத்துத் தீவனம் கலப்பவர்களுக்கு மட்டும் தாதுக் கலவை கட்டாயம். அதுவும் முட்டைக்கோழிக்கென்று தயாரித்ததாக இருக்க வேண்டும். மாட்டுக்கானதைப் போடாதீர்கள்.

தண்ணீரில் கலக்கும் கால்சியம் டானிக்?

திடீரென்று தோல்முட்டை இடும் கோழிக்கு, ஓரிரு நாள் கைகொடுக்கும் பொருளாக அதை வைத்துக்கொள்ளலாம். அன்றாடத் தேவைக்கு அது ஈடாகாது. புட்டியின் மேலுள்ள எண்களைக் கொண்டு கணக்குப் போடுங்கள். சொல்லப்பட்ட அளவில் ஒரு கோழிக்கு எத்தனை கிராம் கால்சியம் போய்ச் சேர்கிறது என்று பார்த்தால், பல டானிக்குகள் சிப்பித்துண்டின் பக்கத்தில்கூட வராது. தண்ணீரின் சுவை மாறிக் கோழி குறைவாகக் குடித்தால் பலன் தலைகீழாகிவிடும். முட்டையின் பெரும்பகுதி தண்ணீர். எது கலந்தாலும், பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும்.

வினிகர், பூண்டு, டயட்டம் மண் பற்றி?

இவற்றால் ஓடு உறுதியாகும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. வினிகர் துத்தநாகம் பூசிய தகரத் தொட்டியை அரிக்கும். டயட்டம் மண்ணின் தூசு நுரையீரலுக்குக் கெடுதல், கோழிக்கும் உங்களுக்கும். பூண்டைத் தீவனத்தில் மிகுதியாகக் கலந்தால் முட்டையில் வாடை ஏறலாம். இந்தப் பணத்தில் இன்னொரு தண்ணீர்த் தொட்டி வாங்கிவிடலாம் என்பது என் கருத்து.

வெயில் ஏறினால் ஓடு மெலிவது ஏன்?

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. அப்படி இரைக்கும்போது ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அதனால் ரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது, ஓட்டுக்குக் கார்பனேட் கிடைப்பது குறைகிறது, ரத்தத்தில் உடனடியாகப் பயன்படும் கால்சியமும் குறைகிறது. போதாததற்குச் சூட்டில் தீவனமும் குறைவாகத் தின்கிறது.

எவ்வளவு சிப்பி வைத்தாலும் மூச்சிரைப்பு நிற்காமல் ஓடு தேறாது. நிழலும் காற்றோட்டமும் குளிர்ந்த தண்ணீரும்தான் இங்கே மருந்து. தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுப் பாருங்கள், உங்களுக்கே குடிக்கத் தோன்றாத சூட்டில் இருந்தால் கோழியும் குடிக்காது. தீவனத்தை அதிகாலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். சமையல் சோடா பெரிய பண்ணைகளில், உப்பின் அளவைக் குறைத்து ஈடுசெய்து பயன்படுத்தப்படுகிறது. அந்தக் கணக்குத் தெரியாமல் வீட்டில் கலந்தால் சோடியம் மிகுந்து ஓடு மேலும் கெடும்.

குஞ்சுகளும் சேவலும் ஒரே கூட்டத்தில் இருந்தால் என்ன தீவனம்?

வளரும் குஞ்சுக்கு ஏறத்தாழ 1 சதவீதக் கால்சியம் போதும். முட்டைக்கோழித் தீவனத்தை வாரக்கணக்கில் தின்னும் குஞ்சின் சிறுநீரகம் பழுதாகும். யூரிக் அமிலம் உடலுக்குள் வெள்ளையாகப் படிந்து செத்துப்போகும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் நடக்கும் கொடுமை இது. எனவே கலப்புக் கூட்டத்துக்கு வளர்கோழித் தீவனம் வைத்து, சிப்பித்துண்டைத் தனிக் கிண்ணத்தில் குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சேவல்களுக்கும் இந்த ஏற்பாடே நல்லது. விடைக்கோழிகளுக்குக் கொண்டை சிவந்து முட்டையிடும் பருவம் நெருங்கும்போது தீவனத்தை மாற்றலாம், பெரும்பாலான முட்டை இனங்களில் அது 16 முதல் 18 வாரம்.

முதல் முட்டையே தோல்முட்டையாக வந்துவிட்டது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஓடு உருவாகும் உறுப்பான முட்டைப்பை பழகும்வரை ஒன்றிரண்டு அப்படி வரும். மறுமுனையில், வயதான கோழியின் முட்டை பெரிதாகிக்கொண்டே போகும், ஓட்டுக்கான சுண்ணாம்பு மட்டும் கூடாது. அதே சுண்ணாம்பு பெரிய பரப்பில் பரவுவதால் ஓடு மெலிகிறது. இதைத் தீவனத்தால் ஓரளவு தாங்கிப்பிடிக்கலாம், முழுவதும் மாற்ற முடியாது.

இறகு உதிர்க்கும் காலத்தில் முட்டை நின்றுவிடும். அப்போது கோழிக்கு வேண்டியது புரதம், ஏனென்றால் இறகு பெரும்பாலும் புரதமே. சிப்பிக் கிண்ணம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஓட்டில் சுருக்கம், மேடு, நிறமாற்றம் இருந்தால்?

எல்லாவற்றுக்கும் சுண்ணாம்புக் குறையைக் காரணமாக்க வேண்டாம். முட்டைப்பையில் அதிக நேரம் தங்கிய முட்டையின் மேல் வெள்ளைப்பொடி பூசினாற்போல் ஒரு படலம் இருக்கும். நாய் துரத்தியது, கூடு மாற்றியது போன்ற மிரட்சியில் இப்படி நடக்கும். பழுப்பு முட்டை வெளிறினாலும் ஓடு மெலிந்துவிட்டது என்று பொருளில்லை. நிறமி கடைசிச் சில மணி நேரத்தில்தான் படிகிறது, அதற்குள் இட்டுவிட்டால் நிறம் குறையும். இரத்தக்கழிச்சலுக்கான நைகார்பசின் என்ற மருந்தும் பழுப்பு ஓட்டை வெளுக்கச் செய்யும்.

ஓடு சுருங்கி, வெள்ளைக்கரு தண்ணீராக ஓடி, கோழிகள் தும்மவும் செய்தால் தொற்று மூச்சுக்குழல் அழற்சியைச் சந்தேகியுங்கள். உடல் நலமாகத் தோன்றும் பல கோழிகள் ஒரே நேரத்தில் ஓடில்லாத முட்டை இட்டால், 1976-ல் முதலில் விவரிக்கப்பட்ட முட்டைக் குறைவு நோய் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். வெள்ளைக்கழிச்சலும் ஓட்டைக் கெடுக்கும். இவற்றில் எதையும் துணைத்தீவனம் தீர்க்காது.

ஓடு உண்மையிலேயே தேறுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு போதும். முட்டையை உடைப்பதற்கு முன் எடைபோடுங்கள். உடைத்த ஓட்டின் உட்புறத்தைக் கழுவி, உள்தோலைப் பிய்க்காமல் ஒரு நாள் காயவைத்து மீண்டும் எடைபோடுங்கள். ஓடு, முட்டையின் எடையில் 9 முதல் 11 சதவீதம் இருந்தால் நல்லது. 60 கிராம் முட்டைக்கு 4.5 கிராம் ஓடுதான் தேறுகிறது என்றால் குறை இருக்கிறது. ஒரே முட்டையை வைத்து முடிவெடுக்காமல், வாரம் சில முட்டைகளைப் பார்த்து எழுதிவையுங்கள். தீவனத்தைச் சரிசெய்த சில நாட்களிலேயே மாற்றம் தொடங்க வேண்டும். எலும்பின் கையிருப்பும் நிரம்ப வேண்டியிருப்பதால் இரண்டு வாரமாவது பொறுங்கள். அதற்குள் நான்கு பொருள்களை மாற்றி மாற்றிக் கொடுத்தால் எது பலித்தது என்றே தெரியாது.

எப்போது கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்?

கோழி வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டே இருந்து முட்டை வரவில்லை என்றால் முட்டை அடைத்துக்கொண்டிருக்கலாம். ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் முட்டையைத் தள்ளும் தசையும் வலுவிழக்கும், ஆகவே இந்தக் கோளாறுக்கும் ஓட்டுக்கும் தொடர்புண்டு. சூடான அமைதியான இடத்தில் வைத்து அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே விரலை விட்டு உடைக்க முயலாதீர்கள், உடைந்த ஓடு முட்டைப்பையைக் கிழிக்கும். கால் ஊன்ற முடியாமல் படுத்துவிட்ட கோழிக்கும் இதே அவசரம். இரண்டு வாரம் சரியான தீவனமும் சிப்பியும் கொடுத்தும் கூட்டம் முழுவதும் மெல்லிய ஓடு தொடர்ந்தால், போகும்போது தீவனப் பையின் சீட்டையும் இரண்டு மூன்று முட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். மருந்து எழுதிக் கொடுத்தால், அதன்பின் எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.